அம்மாவுக்குத் தெரிந்த பிள்ளைகள்

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டிய வாரம். வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், நானும் அம்மாவும் ஒரு மெழுகுதிரியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். நான் பழைய கோப்பு அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். "தம்பி, அந்தப் பிள்ளையளை உள்ளுக்கு வரச் சொல்லன். எவ்வளவு நேரமா வாசல்ல நிக்குதுகள்" என்றார். திரும்பிப் பார்த்தேன். கதவு பூட்டியிருந்தது. "எந்தப் பிள்ளையள் அம்மா?" "மூண்டு பேர். சிவப்புச் சட்டை. தலையில என்னவோ தொப்பி மாதிரி." கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கு விசிறிய கை நின்றுவிட்டது. "ஒருத்தரும் இல்லையம்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம், இப்ப இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு பதினொரு மாதம் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் சொல்லியிருக்கக்கூடிய விஷயம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பார்வை குறைந்த வயதானவர் யாராவது இருந்தால் இதைக் கடைசி வரை வாசியுங்கள்.

அம்மாவுக்கு அப்போது 79 வயது. யாழ்ப்பாணத்தில் சிறு வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கண்ணில் குளுக்கோமா, நம் ஆட்கள் கண் பிரஷர் என்று சொல்வது. 2016இல் கண்டுபிடித்தபோதே காலம் கடந்துவிட்டிருந்தது. அதற்கு முன் இரண்டு வருடமாக அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், மேசை ஓரத்துத் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி விடுவதுமாகத்தான் இருந்தார். "கவனம் இல்லை உங்களுக்கு" என்று நான் ஏசியிருக்கிறேன். கவனக்குறைவு என்று நான் நினைத்தது பார்வையின் ஓரங்கள் போய்க்கொண்டிருந்தது. இந்த நோயின் பொல்லாத குணம் அதுதான்: போன இடம் கறுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ளதை வைத்து மூளை அந்த ஓட்டையை மூடிவிடும். ஆகவே பார்வை போவது போகிறவருக்கே தெரியாது. போனது திரும்பி வரவும் மாட்டாது; இருப்பதைக் காப்பாற்றத்தான் துளி மருந்து. இது குடும்பத்தில் ஓடுகிற நோய் என்பதால், பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் நாற்பது தாண்டியதும் நீங்களும் பிரஷரையும் கண் நரம்பையும் பார்த்துவிடுங்கள். வலி வரட்டும், போகலாம் என்று இருந்தால், பெரும்பாலும் வலியே வராது.

சரி, 2022க்கு வருவோம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய வருடம் அது. அம்மாவுக்கு இரண்டு வகைத் துளி மருந்து. ஒன்று பாமசிகளில் இல்லாமலே போனது. மற்றது 1,400 ரூபாயிலிருந்து 3,600 ஆனது. நான் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்த மாதங்களில் அரைச் சம்பளம்தான் கிடைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு போத்தலை இரண்டு மாதத்துக்கு இழுப்பதற்காக மருந்தை ஒன்றுவிட்ட ஒரு நாள் விட்டேன். அம்மாவிடம் அதைச் சொல்லவும் இல்லை. பார்வை மளமளவென்று இறங்கியது அந்த வருடத்தில்தான். மருந்து கிடைக்காவிட்டால் கண் டொக்டரிடம் போய் வேறு பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். மாற்று மருந்துகள் இருந்தன என்று பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகள் வந்த அன்றோடு விஷயம் நிற்கவில்லை. பின்னேரம் இருட்டத் தொடங்கினால் அம்மா ஒரே இடத்தை உற்றுப் பார்ப்பார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒரு நாள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "என்னம்மா?" "ஆரடா இதில கோலம் போட்டது?" வெறும் வெள்ளைச் சுவர். இன்னொரு நாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிவிட்டார். அன்றிரவு நெடுநேரம் கழித்துத்தான் சொன்னார்: எதிரே ஒரு முகம் வந்ததாம், உடம்பில்லாத முகம், பெரிய கண், பல்லெல்லாம் வெளியே. "சத்தம் போட்டதோ?" "இல்லை. பேசாம பாத்துக்கொண்டு இருந்தது." பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு அன்று நித்திரை இல்லை. ஐம்பத்திரண்டு வயது மனிதன், கணக்கு வழக்கு என்று வாழ்பவன், பாத்ரூமுக்குப் போக லைட் போட்டுக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா ரொறன்ரோவில். வட்ஸ்அப்பில் மெல்லச் சொன்னேன். அவர் முதலில் அழுதார், அப்புறம் ஆராய்ச்சியில் இறங்கினார். மூன்று பிள்ளைகள் என்றால் யார்? அம்மாவின் வகுப்பில் படித்து யுத்தத்தில் செத்துப்போன பிள்ளைகளா? எங்களுக்கு முன் பிறந்து நாற்பது நாளில் போன அண்ணாவா? நாங்கள் இருவரும் ஒரு மணித்தியாலம் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் குடும்பங்களில் எண்ணுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. அம்மாவிடம் ஒரு தடவை கேட்டோம், "ஆரெண்டு தெரியுதோ?" "ஒருநாளும் காணாத முகங்கள்" என்றார். அந்தப் பதில்தான் முக்கியமான துப்பு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

பிறகு தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று, பேயை விரட்டக் கழிப்புக் கழிக்க ஏற்பாடு செய்தேன். பூசணிக்காய், எலுமிச்சை, கறுப்புச் சேவல் வரைக்கும் பட்டியல் வந்தது. சேவல் வேண்டாம் என்று நான் மன்றாடி, அதற்குப் பதிலாகக் காசு கொடுத்தேன். வந்தவர் வீட்டுக்குள் கால் வைத்ததுமே "மூன்று இருக்கு" என்றார். ஃபோனில் மூன்று என்று அவரிடம் சொன்னதே நான்தான் என்பது காசு கொடுத்து அனுப்பிய பிறகுதான் உறைத்தது. 65,000 ரூபாய். காசைவிட நொந்தது வேறு. புகைக்கு நடுவில் அம்மாவை ஒரு மனையில் இருத்தி வைத்திருந்தோம். முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "எனக்கு என்ன பிடிச்சிருக்கெண்டு நினைக்கிறாய்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பல மாதம் தனக்குத் தெரிவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான் குணமாகிவிட்டது என்று நினைத்து அக்காவுக்கு நல்ல செய்தி அனுப்பினேன்.

ஒக்டோபரில் பிடிபட்டது. அம்மா கதிரையை இழுத்து வைத்துவிட்டு ஏதோ ஒன்றைச் சுற்றி நடந்து போனதைக் கண்டேன். தரையில் ஒன்றும் இல்லை. வற்புறுத்திக் கேட்டபோது, கிணறு மாதிரி ஒன்று திறந்திருக்கிறது என்றார். இனிப் பொறுக்க முடியாது என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைச் சனல் பண்ணினேன், அதாவது காசு கட்டி நேரம் எடுத்தேன். எந்த டொக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. இருந்தது பத்து நிமிடம். "இல்லாதது தெரிகிறது" என்று நான் சொன்னேன். குரல் கேட்கிறதா, அது உண்மை என்று நம்புகிறாரா, கண்ணில் நோய் உண்டா என்று ஒரு கேள்வியும் வரவில்லை. அம்மா கறுப்புக் கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். அதைப் பார்த்தும் கேட்கவில்லை. ஆனால் நானும் சொல்லவில்லையே. கண் வேறு, மூளை வேறு என்று எனக்குள் ஒரு எண்ணம். ஸ்கேன் எழுதினார்கள், இரத்தம் எடுத்தார்கள், குளிசை தந்தார்கள். ஸ்கேனில் வயதுக்குரிய தேய்மானம் தவிர ஒன்றும் இல்லை. "அப்ப என்னை அங்கொடைக்குக் கொண்டுபோகப் போறியோ?" என்று வரும் வழியில் ஓட்டோவுக்குள் கேட்டார். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் குளிசை அவரை வேறு ஆளாக்கியது. உடம்பு விறைத்தது. நடை, காலை இழுத்து இழுத்து. முகத்தில் சிரிப்பு இல்லை. பிள்ளைகள் போகவும் இல்லை, அவர்களைப் பற்றி அம்மா அக்கறைப்படவில்லை, அவ்வளவுதான். டிசம்பரில் ஓர் இரவு பாத்ரூம் வாசலில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மனநோய்க்குக் கொடுக்கும் அந்த வகைக் குளிசைகள் வயதானவர்களுக்கு உடல் விறைப்பையும் விழுகையையும் கொண்டுவரக்கூடியவை என்று பிறகு படித்தேன். ஆகவே வயதானவருக்கு ஒரு புதுக் குளிசை தொடங்கிய பிறகு நடை மாறினால், அதை வயசு என்று தள்ளாமல் எழுதித் தந்தவரிடம் உடனே திரும்பிப் போங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சில குளிசைகளைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

காசு முடிந்ததுதான் எங்களுக்கு நல்லதாகப் போனது. தனியாரிடம் கண் காட்டக் கட்டுப்படியாகாமல், 2023 பெப்ரவரியில் லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள தேசிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் அந்தப் பழைய சிவப்புச் செங்கல் கட்டடம் நிற்கிறதே, விக்டோரியா நினைவுக் கண் மருத்துவமனை, 1906இல் திறந்தது. அம்மா சின்ன வயதில் தன் அப்பாவோடு அங்கே வந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். விடிய ஆறு மணிக்கு வரிசை. பதினொன்றரைக்கு உள்ளே போனோம். இளம் பெண் டொக்டர், சிங்களவர். பிரஷர் பார்த்து, நரம்பு பார்த்து எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், சாப்பிட்டீர்களா என்று கேட்பது போல ஒரு கேள்வி கேட்டார்: "அம்மாவுக்கு இல்லாத ஆட்கள், பூக்கள், கோடுகள் ஏதாவது தெரிவதுண்டா? பார்வை இந்தளவு குறைந்தவர்கள் பலருக்குத் தெரியும்." சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்க்க வாய் திறக்கும் முன் அம்மாவே சிங்களத்தில் "ஓவ்", ஓம், என்றார். கொழும்பில் இத்தனை வருடம் இருந்தும் அவர் கடையில் பேசுகிற சிங்களம் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை. அன்று பிள்ளைகள், கோலம், முகம், கிணறு எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்குத் தெரியாத இன்னும் பலவும் இருந்தன: முற்றத்தில் பச்சை நிறக் குதிரைகள், வாசிக்க முடியாத எழுத்துக்கள் நிறைந்த கரும்பலகை. பதினொரு மாதமாக அடக்கி வைத்திருந்திருக்கிறார். டொக்டர் மூன்று கேள்வி கேட்டார். சத்தம் வருமா? வராது. அவை உண்மை என்று நினைக்கிறீர்களா? முதலில் நினைத்தேன், தொடப் போனால் இல்லை, இப்போது தெரியும். இன்று என்ன கிழமை? அம்மா கிழமையையும் சொல்லி, திகதியையும் சொல்லி, நீங்கள் கேட்காத பஞ்சாங்கமும் சொல்லவா என்ற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். "இதற்குப் பெயர் சார்ல்ஸ் பொனே சிண்ட்ரோம். இது மனநோய் இல்லை" என்றார் டொக்டர். வெளியே வந்து வாங்கில் இருந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப எனக்கு விசர் இல்லையே?"

அன்றிரவு முதல் நான் தேடித் தேடி வாசித்தேன். சார்ல்ஸ் பொனே ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர். 1760இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். தாத்தா சார்ல்ஸ் லுலான் தொண்ணூறை நெருங்கியவர், இரு கண்ணிலும் புரை எடுத்து, பார்வை மங்கிப்போனவர். ஞாபகமும் புத்தியும் கூர்மையாக இருந்த அந்த மனிதருக்கு முன்னால் ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் சத்தமில்லாமல் வந்து போயின. அவை இல்லாதவை என்று அவருக்குத் தெரியும். பொழுதுபோக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பேரன் பொனேக்கும் பிற்காலத்தில் பார்வை குறைந்தது. இருநூற்று அறுபது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் பூசணிக்காய் உடைத்தேன் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இது ஏன் வருகிறது என்பதை எனக்கு விளங்க வைத்தது புத்தகம் இல்லை, என் பெரியப்பா மகன். வன்னியில் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போனவர். இல்லாத அந்தக் காலின் பெருவிரல் கடிக்கிறது என்று இப்போதும் இரவில் கட்டிலைச் சொறிவார். கால் போனாலும், காலுக்கென்று மூளையில் இருக்கிற இடம் போவதில்லை. செய்தி வராத அந்த இடம் தானாகவே சத்தம் போடுகிறது. கண்ணிலும் அதே கதைதான். கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி வற்றியதும், பார்வைக்கென்று மூளையின் பின்பக்கம் இருக்கும் பகுதிகள் சும்மா இருக்காமல் தாமாகக் கிளம்புகின்றன. 1998இல் லண்டனில் டொமினிக் ஃபிட்ச் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்டவர்களை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து, காட்சி வரும்போதும் போகும்போதும் சைகை செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். நிறம் தெரிந்தவருக்கு நிறத்தைக் கவனிக்கும் இடமும், முகம் தெரிந்தவருக்கு முகத்தை அடையாளம் காணும் இடமும் வேலை செய்துகொண்டிருந்தன. ஆக, அம்மா பொய் சொல்லவில்லை. கற்பனை பண்ணவும் இல்லை. நாம் ஒரு முகத்தைக் கண்ணால் பார்க்கும்போது மூளையில் எந்த இடம் விழிக்குமோ அந்த இடம்தான் அவருக்கும் விழித்திருக்கிறது. பல்லும் பெரிய கண்ணுமாக வரும் முகங்கள், தொப்பியோடும் பகட்டான உடுப்போடும் வரும் சின்ன ஆட்கள், சுவரில் வலைபோன்ற கோலங்கள், இவையெல்லாம் எங்கோ தேசத்தில் இருப்பவர்களும் அப்படியே சொல்லும் காட்சிகள். பெரும்பாலும் தெரியாத முகங்கள்தான் வருமாம். நானும் அக்காவும் செத்தவர்களை எண்ணிய அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துக்கொண்டேன்.

இருட்டும் காரணம். வெளிச்சம் குறைவான நேரம், சும்மா இருக்கும் நேரம், பின்னேரம், இவைதான் காட்சிகளுக்கு வசதி. பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டு அதற்கென்றே செய்தது போல. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல பார்வையுள்ள 13 பேருக்கு ஐந்து நாள் தொடர்ந்து கண்ணைக் கட்டி வைத்தார்கள். அவர்களில் 10 பேருக்குக் காட்சிகள் வரத் தொடங்கின. ஐந்தே நாள். எனக்கும் உங்களுக்கும் கண்ணை மூடிவிட்டால் இதுதான் கதி.

நம்பாதவர்கள் ஒன்று செய்து பாருங்கள். நான் கடையில் பேரேட்டுத் தாளிலேயே செய்தேன். கோடு போட்ட தாளில் இடப்பக்கம் ஒரு புள்ளடி, அதிலிருந்து எட்டு சென்ரிமீற்றர் வலப்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் புள்ளடியையே பாருங்கள். கை தூரத்திலிருந்து தாளை மெல்ல முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தால், ஓர் அடி அளவில் பொட்டு மறைந்துவிடும். அந்த இடத்தில் ஓட்டை தெரிகிறதா? இல்லை, தாளின் கோடுகள் அந்த இடத்தாலும் ஓடுவதாகத் தெரியும். கண் நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் பார்வையே கிடையாது. எட்மே மரியொட் என்ற பிரெஞ்சுக்காரர் 1660களில் கண்டுபிடித்தது. பிறந்த நாள் முதல் நம் எல்லோர் கண்ணிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மூளை அதைக் கேட்டுக் கேள்வி இல்லாமல் நிரப்பிக்கொண்டு வருகிறது. நகைக்கடை முதலாளி வந்து "என்ன, ஒற்றைக்கண்ணால கணக்குப் பாக்கிறீர்?" என்றார். அவருக்கும் செய்து காட்டினேன். இரண்டு நாள் வந்தவர் போனவருக்கெல்லாம் அவர் காட்டிக்கொண்டிருந்தார்.

இனி எனக்குப் பயன்பட்டவை. முதலாவது, கேட்கிற விதம். "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று முகம் வெளிறக் கேட்டால் வயதானவர் மூடிக்கொள்வார். அந்த டொக்டர் கேட்ட மாதிரி, "பார்வை குறைஞ்சவைக்கு இல்லாத சாமான் தெரியிறது வழமையாம், உங்களுக்கும் அப்பிடி ஏதும் இருக்கோ?" என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேளுங்கள். இன்னும் நல்லது, காட்சிகள் வரும் முன்பே சொல்லி வைப்பது. அம்மாவுக்கு 2016இலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த முகம் வந்த இரவில் அவர் சாப்பாட்டை விட்டு எழும்பியிருக்க மாட்டார். இரண்டாவது, கண் டொக்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பதினொரு மாதத்தில் இரண்டு தடவை ஒரு கண் டொக்டர் முன்னால் இருந்திருக்கிறேன், துளி மருந்தின் விலையைப் பற்றிப் புலம்பிவிட்டு வந்திருக்கிறேன். பேய்க்கதையைக் கண் டொக்டரிடம் சொல்வதா என்ற வெட்கம்.

ஆனால் இதை வாசித்துவிட்டு, "ஓ, எங்கள் அப்பாவுக்கும் இதுதான்" என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். உருவங்கள் பேசுகின்றன என்றாலோ, வாசனை வருகிறது, தொடுகிறது என்றாலோ, எவ்வளவு விளக்கினாலும் உண்மை என்றே நம்பினாலோ, ஞாபகமும் நாளும் தடுமாறினாலோ, கை நடுக்கமும் நடையில் விறைப்பும் கூடவே இருந்தாலோ அது வேறு விஷயமாக இருக்கலாம். லூவி பொடி என்று ஒரு வகை மறதி நோயிலும் இப்படிக் காட்சிகள் வரும். அவர்களுக்கு அம்மாவுக்குத் தந்த மாதிரிக் குளிசைகள் மிக மோசமாகப் பாதிக்கும். ஓரிரண்டு நாளுக்குள் திடீரென்று குழம்பிப் பிதற்றத் தொடங்கினால் சிறுநீர்த் தொற்றோ புதுக் குளிசையோ காரணமாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் விஷயத்தில் கண் ஆஸ்பத்திரியில் தந்த கடிதத்தோடு வேறொரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். அவர்தான் குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். மார்ச் கடைசியில் அம்மா வானொலி கேட்டுச் சிரித்தார். நான் குசினியில் இருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன்.

காட்சி வந்தால் செய்யும் வேலைகள் சின்னச் சின்னவை. லைட்டைப் போடுவது. எழும்பி நடப்பது. கையை நீட்டித் தொடப் போவது. அம்மாவுக்கு நன்றாக வேலை செய்வது கண்ணை அசைப்பது: தலையை ஆட்டாமல், எதிரே ஒரு மீற்றர் இடைவெளியில் இருக்கும் இரண்டு இடங்களை இடம் வலமாக, செக்கனுக்கு ஒரு தடவை அளவில், கால் நிமிடமோ அரை நிமிடமோ மாறி மாறிப் பார்ப்பது. போகாவிட்டால் கொஞ்சம் விட்டு மறுபடி. அம்மா இதைத் தன் பாட்டுக்கு "வகுப்பில கொப்பி அடிக்கிற பிள்ளையளைப் பாக்கிற பார்வை" என்கிறார். பாத்ரூம் வழியில் இரவு முழுக்க எரியும் சின்ன பல்ப், கரண்ட் போனால் தானாக எரியும் சார்ஜ் விளக்கு ஒன்று. அந்த விளக்கு 4,500 ரூபாய். மொத்தக் கதையிலும் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான். இது ஒன்றரை வருடத்தில் தானாக நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். குறைவது உண்டு, ஆனால் பலருக்குப் பல வருடம் நீடிப்பதாகப் பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

கணக்கு எழுதுபவன் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பு 65,000. டொக்டர் சனலும் இரத்தப் பரிசோதனையும் 28,500. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 38,000. குளிசைகள் 19,000. மணிக்கட்டுக்கு 94,000. கை கட்டோடு இருந்தவரைப் பார்க்க இரவுக்கு ஓர் ஆள், இரண்டு மாதம், 90,000. கூட்டினால் 334,500 ரூபாய், பாதி அக்கா அனுப்பியது. பதில் கிடைத்த இடத்தில் செலவு, ஓட்டோவுக்குப் போக 900, வர 900. என் லீவு இருபத்திமூன்று நாள். துளி மருந்தில் நான் மிச்சம் பிடித்த காசு எவ்வளவு என்றும் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். பதினோராயிரம் சொச்சம். அதை அம்மாவிடம் இந்த வருடம்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாசம் நீயும் பாண் தானே திண்டனீ" என்றார்.

பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணிக்குத் தனியாக விழித்திருந்து பைத்தியம் யாருக்கு என்று யோசித்த இரவுகள் எனக்குப் பல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருபத்துநான்கு மணித்தியாலமும் எடுக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. நோயாளிக்கு மட்டும் என்று இல்லை, நீங்களும் எடுக்கலாம். அடுத்த மாடியில் இருக்கும் மிஸ்ஸிடமாவது சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னபோது, தன் மாமியார் கடைசிக் காலத்தில் கூரையில் ஆட்டுக்குட்டிகள் மேய்கின்றன என்று சொன்னதாகவும், அவர்கள் அதை யாருக்கும் சொல்லாமல் மறைத்ததாகவும் சொன்னார். ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு.

போன கிழமை மழையில் கரண்ட் போனது. சார்ஜ் விளக்கு எரிந்தது. அம்மா கதிரையில் இருந்தபடி வாசல் பக்கம் பார்த்தார். "வந்திட்டினமோ?" என்று கேட்டேன். "ஓம். இண்டைக்கு நீலச் சட்டை" என்றார். "எத்தினை பேர்?" எண்ணினார். "ரெண்டு. மற்றவனுக்குக் காய்ச்சலாக்கும்." அப்புறம் இடம் வலமாக இரண்டு தடவை பார்த்துவிட்டு, தேத்தண்ணி கேட்டார்.